கழற்றியதைப் பூட்டத் தெரிய வேண்டும்

மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகிற ஏ-9 வீதியில், நாலந்தாவில், பஸ் நிற்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் என் கடை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் மூடி இல்லாத பழைய வாஷிங் மெசின் ஒன்று நிற்கும். அதைப் பார்த்துத்தான் ஆட்கள் இறங்கி வருவார்கள். சிங்களச் சனம் 'பாஸ் உன்னஹே' என்று கூப்பிடும், நம்மாட்கள் 'மெசின் ஐயா' என்பார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன்.

வருஷா வருஷம் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை வீட்டில் சும்மா இருக்கிற பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் வேலை பழக வருவார்கள். வந்த அன்றைக்கே ஸ்குரு டிரைவரைத் தூக்குவார்கள். நான் வாங்கி மேசையில் வைத்துவிடுவேன். ஒவ்வொருவருக்கும் ஒரே கதையைச் சொல்லி வாய் வலித்துப் போனதால் இந்த முறை எழுதிவிட்டேன்.

இங்கே நான் பேசுவது புது மெசினைப் பற்றியல்ல. பத்துப் பதினைந்து வருஷம் ஓடிக் களைத்ததைப் பற்றி. 2022இல் டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறினபோது, புது மெசின் வாங்கும் நினைப்பையே பல வீடுகள் கைவிட்டன. கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டதையெல்லாம் தூசி தட்டிக் கொண்டுவந்தார்கள். அந்த மெசின்கள்தான் எனக்கு இன்றைக்கும் சோறு போடுகின்றன. நாளைக்கு உனக்கும் போடும்.

1. சுவிட்சை நம்பாதே, பிளக்கைப் பிடுங்கு

பழைய வீடுகளில் வயரிங் செய்தவர் சில இடத்தில் சுவிட்சை நியூட்ரல் வயரில் போட்டிருப்பார். சுவிட்ச் அணைந்திருக்கும், மெசினுக்குள்ளே கரண்ட் அப்படியே நிற்கும். ஆகவே பிளக்கைப் பிடுங்கி, மெசினின் தலையிலேயே, உன் கண்ணில் படுகிற மாதிரி வை. இல்லாவிட்டால் நீ உள்ளே கை விட்டிருக்கிற நேரம் பார்த்து, வீட்டுச் சின்னப்பிள்ளை ஒன்று உனக்கு உதவி செய்கிறேன் என்று திரும்பச் சொருகிவிடும்.

பிளக்கைப் பிடுங்கின பிறகும் ஒரு சாமான் கரண்டை அடக்கி வைத்திருக்கும். அதுதான் கெபாசிட்டர். மோட்டருக்குப் பக்கத்தில் கறுப்பாகவோ வெள்ளையாகவோ, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே ஹோல்டரில் பூட்டிய குண்டு பல்ப் ஒன்றின் வயர்களைப் பிடித்தால் மிச்சக் கரண்ட் அதில் இறங்கிவிடும். ஸ்குரு டிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்க விடுகிறவர்களைப் பார்த்திருப்பாய். நானும் அப்படித்தான் பழகினேன். ஒரு நாள் ஸ்குரு டிரைவரை மறந்து விரலை வைத்தேன். பின்னால் இருந்த அலுமாரியில் தலை மோதினபோதுதான் நினைவு வந்தது.

2. கழுவுகிற ஆளைக் கேள்

மெசினைக் கொண்டுவருகிறவர் வேறு, அதில் உடுப்புக் கழுவுகிறவர் வேறு. ஐயா த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு வருவார், "ஓடுதில்லை" என்ற ஒரே சொல்லோடு. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. போனைப் போட்டு வீட்டம்மாவிடம் கேள். எப்போதிருந்து? திடீரென்று நின்றதா, கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்ததா? நிற்பதற்கு முன்னால் சத்தம் மாறியதா, ரப்பர் எரிகிற மணம் வந்ததா? கடைசியாக என்ன போட்டுக் கழுவினீர்கள்? அண்மையில் மெசினை இடம் மாற்றினீர்களா?

ஒரு வீட்டில் மெசின் ஓடும்போது அறை முழுக்க நடந்து திரிகிறது என்றார்கள். சஸ்பென்ஷன் கம்பி போய்விட்டது, நாலையும் மாற்ற வேண்டும் என்று இன்னொருவர் விலை சொல்லியிருந்தார். அம்மாவைக் கேட்டேன். "தரைக்கு டைல்ஸ் போட்ட கிழமையிலிருந்துதான்" என்றார். புதுத் தரையில் ஒரு கால் தொங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. அந்தக் காலைத் திருகி இறக்கினேன், மெசின் நின்ற இடத்தில் நின்றது. அம்மா தந்த தேத்தண்ணிதான் அன்றைய கூலி.

3. ஐந்து வேலையில் எது நின்றது என்று பார்

எந்த மெசினாக இருந்தாலும் செய்வது ஐந்தே வேலை. தண்ணீரை எடுக்கும், போதும் என்று அறியும், உடுப்பைச் சுழற்றும், தண்ணீரை வெளியேற்றும், பிழியும். இரண்டு தொட்டி மெசினில் முதல் இரண்டையும் மனுஷர்தான் செய்கிறார். அதனால்தான் அது நீண்ட நாள் உழைக்கிறது. மேலே மூடி வைத்த ஒற்றைத் தொட்டி ஐந்தையும் தானே செய்யும். முன்பக்கக் கதவு வைத்ததற்குத் தண்ணீரைச் சூடாக்குகிற ஆறாவது வேலையும் உண்டு.

எதுவரை வந்து நிற்கிறது என்று தெரிந்தால், தேட வேண்டிய இடம் ஐந்தில் ஒன்றாகச் சுருங்கும். தண்ணீர் வந்தது, சுழன்றது, ஆனால் வெளியே போகவில்லை என்றால் மோட்டரையும் போர்டையும் ஏன் கழற்றுகிறாய்? பின்னால் கிடக்கிற குழாயைப் பார். வெளியிலிருந்து உள்ளே போ, மலிந்த சாமானிலிருந்து விலை கூடிய சாமானுக்குப் போ.

4. கரண்ட் மெசின் வரைக்கும் வருகிறதா?

'செத்துப் போச்சு' என்று வருகிற மெசின்களில் பல சாகவே இல்லை. சதுரப்பின் பிளக்குக்குள்ளே ஒரு பியூஸ் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. முதலில் அதைப் பார். பிறகு வயர் பிளக்குக்குள் நுழைகிற கழுத்தைப் பார்; மடிந்து மடிந்து உள்ளே செம்பு அறுந்திருக்கும், வெளியே தோல் நல்லாக இருக்கும். உருண்டைப்பின் பிளக்கைச் சதுர பொயின்ட்டில் சொருக ஒரு அடெப்டர், அதற்கு மேல் ஒரு மல்டி பிளக் என்று அடுக்கி வைத்திருந்தால், கருகின இடம் அதற்குள்ளேதான் இருக்கும். சூடாக்கி உள்ள மெசின் 2000 வோட் வரை இழுக்கும்; ஏறக்குறைய 9 அம்பியர். சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் தாங்காது.

நம் நாட்டில் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். ஆறு வீதம் கூடலாம், ஆறு வீதம் குறையலாம். லைனின் கடைசிக் கம்பத்து வீடுகளில், பக்கத்தில் மிளகாய்த்தூள் ஆலை ஓடுகிற நேரம் மீட்டரை வைத்துப் பார், 190க்கு இறங்கியிருக்கும். அந்த வோல்டேஜில் மோட்டர் முனகும், சுழலாது. காலையில் ஓடுகிற மெசின் மாலையில் ஓடவில்லை என்று சொன்னால் மெசினைத் திறக்காதே. மோட்டர் ஓட முயல்கிற அந்த நேரத்திலேயே மீட்டரை வைத்து அள. சும்மா இருக்கிற பொயின்ட்டில் 230 காட்டுவதை நம்பினால் ஏமாந்து போவாய்.

5. எர்த் இல்லாத மெசினைத் திருப்பிக் கொடுக்காதே

இதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, நனைந்த கையால் தொடுகிற சாமான் இது. 'தொட்டால் கிர்ரென்று இழுக்குது பாஸ், பெரிசா ஒன்றுமில்லை' என்பார்கள். போர்டு வைத்த மெசின்களில் கரண்ட் வருகிற வாசலில் ஒரு பில்டர் இருக்கும். எர்த் இல்லாவிட்டால் அது வழியாகத் தகரத்துக்குப் பாதி வோல்டேஜ் கசியும். டெஸ்டர் மங்கலாக எரியும். அந்தக் கசிவு சின்னது, ஆளைத் தூக்கி எறியாது. ஆனால் எர்த் இல்லை என்பதை அது உனக்குச் சொல்லிவிட்டது. நாளைக்கு உள்ளே ஒரு வயர் தோலுரிந்து தகரத்தில் முட்டினால், அந்த வீட்டில் சாவு விழும்.

ஆகவே பிளக்கின் பெரிய பின்னிலிருந்து மெசின் தகரம் வரை மீட்டரை வைத்துப் பார். தொடர்பு இருக்க வேண்டும். பிறகு வீட்டுப் பொயின்ட்டிலும் எர்த் உண்டா, ட்ரிப் சுவிட்ச் பட்டனை அமத்தினால் விழுகிறதா என்று பார்க்கச் சொல். மெசின் போட்டவுடன் ட்ரிப் விழுகிறது என்று ட்ரிப் சுவிட்சைக் கழற்றிவிட்டு நேரே இணைத்துத் தரச் சொல்கிறவர்களும் வருவார்கள். அந்த வேலையைச் செய்யாதே. அது விழுவது எங்கேயோ கரண்ட் கசிவதால். கசிகிற இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

6. தண்ணீர் வராவிட்டால் பல் துலக்கும் பிரஷ் எடு

குழாயைக் கழற்றினால், மெசின் வாயில் விரல்நுனி அளவு வலை ஒன்று இருக்கும். அதைக் குறடால் பிடித்து இழுத்து எடு. மாத்தளைப் பக்கம் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் வெள்ளையாகப் படிவதை வீட்டில் பார்க்கிறாய். அதே வெள்ளை இந்த வலையிலும் படியும். தேசிக்காய்ப் புளியிலோ வினாகிரியிலோ ஒரு இரவு ஊறப் போட்டு, பழைய பிரஷால் தேய். பாதி மெசின்கள் இதோடு சரி.

வலை சுத்தம், இன்னும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்றால் தாங்கியை நிமிர்ந்து பார். ஒரு மீட்டர் உயரம் 0.1 பார் அழுத்தம் தரும். வால்வு ஒழுங்காகத் திறக்க அதைப்போல் மூன்று நாலு மடங்காவது வேண்டும். கூரைக்கு ஒட்டி வைத்த தாங்கி அதைத் தராது. அந்த வீட்டுக்காரருக்கு மெசின் பாஸ் தேவையில்லை, மேசன் பாஸ்தான் தேவை.

கடைசியாகத்தான் வால்வுக் கொயில். மீட்டரில் சில ஆயிரம் ஓம் காட்டினால் உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது.

7. தண்ணீர் நிற்காவிட்டால் ஊதிப் பார்

மெசினுக்கு எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று சொல்வது ஒரு மெல்லிய ரப்பர் குழாய். தொட்டியில் தண்ணீர் ஏற ஏற, அந்தக் குழாய்க்குள்ளே அடைபட்ட காற்று மேலே இருக்கிற சுவிட்சை அமத்தும். குழாயைக் கழற்றி, சுவிட்சின் வாயில் மெதுவாக ஊது. 'டிக்' என்று கேட்க வேண்டும், ஊதுவதை விட்டால் இன்னொரு 'டிக்'. கேட்டால் சுவிட்ச் நல்லது, குழாயில்தான் ஓட்டை, அல்லது அதன் அடியில் சவர்க்காரச் சளி அடைத்திருக்கிறது. பலூனுக்கு ஊதுகிற மாதிரி ஊதிவிடாதே, உள்ளே இருக்கிற சவ்வு கிழியும்.

8. மோட்டர் முனகினால் மோட்டரைத் திட்டாதே

'உம்ம்' என்று முனகுகிறது, சுழலவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தொட்டியின் அடித்தட்டைக் கையால் சுற்று. இறுகி நின்றால் தட்டுக்குக் கீழே ஏதோ சிக்கியிருக்கிறது: சட்டைப் பொத்தான், ஹேர்பின், குழந்தையின் சொக்ஸ். லேசாகச் சுற்றினால் பெல்டைப் பார். பெல்டும் சரி என்றால் கெபாசிட்டரைச் சந்தேகி.

கெபாசிட்டரின் முதுகில் இரண்டு எண் இருக்கும். ஒன்று மைக்ரோபரட், மற்றது வோல்ட். இரண்டு தொட்டி மெசினில் கழுவுகிற மோட்டருக்கு அனேகமாக 10க்கு அங்கிட்டு இங்கிட்டு, பிழிகிற மோட்டருக்கு 5க்கு அங்கிட்டு இங்கிட்டு. முதுகில் 10 என்று இருந்து மீட்டர் 7 காட்டினால் மாற்று. மைக்ரோபரட் அதே அளவு இருக்க வேண்டும். வோல்ட் மட்டும் கூட இருக்கலாம், குறையக் கூடாது. 'கூடின மைக்ரோபரட் போட்டால் வேகம் கூடும்' என்று யாராவது சொன்னால், சூடுதான் கூடும் என்று சொல்.

கெபாசிட்டர் மாற்றியும் முனகினால்தான் மோட்டரை அளக்க வேண்டும். கழுவுகிற மோட்டரிலிருந்து மூன்று வயர் வரும். அது இரண்டு பக்கமும் சுற்ற வேண்டிய மோட்டர், அதனால் இரண்டு சுருளும் ஒரே அளவு. பொது வயரிலிருந்து மற்ற இரண்டுக்கும் ஒரே ஓம் காட்டும். அந்த இரண்டுக்கும் இடையில் அளந்தால் அதன் இரட்டிப்பு. இந்தக் கணக்குச் சரியாக வந்தால் மோட்டரில் கை வைக்காதே. பிழிகிற மோட்டர் ஒரே பக்கம்தான் சுற்றும், அதன் சுருள்கள் அளவில் வித்தியாசப்படலாம். அதைப் பார்த்துவிட்டுக் கெட்டுப்போனது என்று எழுதிவிடாதே.

9. ஸ்பின்னர் நின்றால் மூடியைப் பார்: என் வெட்கக்கேடு

இதை ஒளிக்காமல் எழுதுகிறேன், நீ அந்தக் குழியில் விழக் கூடாது.

நான் தனியாகத் தொழில் தொடங்கி இரண்டாம் வருஷம். புருஷனை இழந்த ஒரு ரீச்சரம்மா வீட்டில் ஸ்பின்னர் வேலை செய்யவில்லை. முனகலும் இல்லை, அசைவும் இல்லை. மோட்டர் எரிந்துவிட்டது என்று நின்ற நிலையில் சொன்னேன். மாத்தளைக்குப் போய் மோட்டர் வாங்கி வந்து பூட்டினேன். ஓடியது. காசு வாங்கினேன். எனக்கு என் மேலேயே மதிப்புக் கூடிப்போனது.

இரண்டு மாதம் கழித்து அதே வீட்டில் அதே கோளாறு. புது மோட்டர் இவ்வளவு சீக்கிரம் போகுமா? அன்றைக்குத்தான் மூடிக்குக் கீழே பார்த்தேன். மூடியைச் சாத்தினால் ஒரு பித்தளைத் தகடு இன்னொன்றில் முட்டி மோட்டருக்குக் கரண்ட் போக வேண்டும். அந்தத் தகடு வளைந்து, அரிசி மணி அளவு இடைவெளி விட்டு நின்றது. முதல் முறை மோட்டர் மாற்றும்போது நான் மேல்மூடியைக் கழற்றிப் பூட்டியதில் அது தற்செயலாக முட்டியிருக்கிறது. நான் மோட்டரால் ஓடியது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்கு வந்து, மூலையில் போட்டிருந்த பழைய மோட்டரைப் பூட்டிப் பார்த்தேன். பூ மாதிரிச் சுற்றியது. கல்லைக் கட்டித் தண்ணீரில் இறக்கின மாதிரி இருந்தது எனக்கு. அந்தக் காசை மூன்று தவணையில் திருப்பிக் கொடுத்தேன். ரீச்சரம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கிக்கொண்டார். அது எனக்கு நல்லது. வாங்காமல் விட்டிருந்தால் நான் மறந்திருப்பேன்.

ஸ்பின்னரில் பார்க்க வேண்டிய வரிசை இது: மூடிச் சுவிட்ச், மூடியோடு சேர்ந்து பிரேக்கை இழுக்கிற கம்பி, டைமர், கெபாசிட்டர். மோட்டர் கடைசி. ஸ்பின்னர் அச்சில் இருக்கிற ரப்பர் சீல் கிழிந்தால் தண்ணீர் நேரே மோட்டர் தலையில் சொட்டும். அப்படியிருந்தால் சீலை மாற்றாமல் மோட்டரை மட்டும் மாற்றுவது, ஒழுகுகிற கூரைக்குக் கீழே புதுப் பாய் விரிக்கிற வேலை.

10. தண்ணீர் வெளியே போகிற குழாய்க்கு ஒரு உயரம் உண்டு

பம்ப் வைத்த மெசினில் குழாயின் முனை தரையிலிருந்து இரண்டு அடி, மூன்று அடி உயரத்தில் நிற்க வேண்டும். கீழே போட்டால் ஒரு பக்கம் தண்ணீர் எடுக்க எடுக்க மறுபக்கம் ஓடிப் போகும். 'தண்ணீர் நிறையவே மாட்டுது' என்பார்கள். பம்ப் இல்லாமல் வால்வைத் திறந்து விடுகிற மெசினில் எல்லாம் நேர்மாறு. அதன் குழாய் தரையோடு கிடக்க வேண்டும். தூக்கிக் கட்டினால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். எது எந்த மெசின் என்று பார்க்காமல் குழாயில் கை வைக்காதே.

பம்ப் வடிகட்டியைத் திறக்கும்போது கீழே ஒரு தட்டை வை. நான் எடுத்தவை: சில்லறைக் காசு, ஊக்கு, கொப்பித் தாள் கூழ், ஒரு முறை ஒற்றைத் தோடு. தோட்டைக் கொடுத்தபோது அந்த வீட்டில் வேலைக்கு வந்த பெண் அழுதுவிட்டாள். அவள் மேல்தான் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

11. அகப்பைக் காம்பைக் காதில் வை

டொக்டருக்கு ஸ்டெதஸ்கோப் மாதிரி நமக்கு அகப்பைக் காம்பு. ஒரு முனையை மெசின் தகரத்தில், பேரிங் இருக்கிற இடத்துக்கு நேரே வை, மறுமுனையைக் காதுக்குக் கீழே எலும்பில் வை. வயர்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதே.

ஓடத் தொடங்கும்போது மட்டும் 'கிறீச்' என்றால் பெல்ட் தளர்ச்சி. சுற்றுக்கு ஒரு தரம் 'டக்' என்றால் தொட்டிக்குள் காசோ பொத்தானோ. வேகம் கூடக் கூடத் தகரக் கூரையில் மழை பெய்கிற இரைச்சல் என்றால் பேரிங். அப்போது தொட்டிக்கு அடியில் டோர்ச் அடித்துப் பார். துருநிறத்தில் கோடு இறங்கியிருக்கும். சீல் முதலில் போய், தண்ணீர் நுழைந்து, பிறகுதான் பேரிங் போகும். ஆகவே பேரிங் மாற்றும்போது சீலையும் சேர்த்து மாற்று.

12. எலியை மறக்காதே

நாலந்தாவில் வயல் அறுவடை முடிந்த கையோடு எலி வீட்டுக்குள் வரும். மெசினின் அடி திறந்தே கிடக்கும். உள்ளே இருட்டு, சூடு, பெல்ட் ரப்பர். அதற்கு அதைவிட நல்ல வீடு கிடைக்குமா? வைக்கோல், உமி, துண்டுத் துணி எல்லாம் சேர்த்துக் கட்டின கூட்டை மோட்டருக்கு மேலேயே பார்த்திருக்கிறேன். அறுத்த வயரை முறுக்கி டேப் சுற்றி விட்டால் ஈரத்தில் அவிழும். ஈயம் ஒட்டி, ஸ்லீவ் போட்டு, வயரை உயரத் தூக்கிக் கட்டு. போகும்போது அடிக்கு ஒரு கம்பிவலையும் அடி. போர்டில் செத்துக் காய்ந்த பல்லியும் இருக்கும், எறும்புக் கூடும் இருக்கும். போர்டு எரிந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் ஒரு பிரஷால் தட்டிப் பார்.

13. கழற்றுமுன் கெடிகேயைப் பார்த்துவிட்டு வா

பிரதான வீதியிலிருந்து உள்ளே இறங்கினால் குளத்தோரத்தில் நிற்கிறதே, நாலந்தா கெடிகே, அதைத்தான் சொல்கிறேன். எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்கிறார்கள். பல்லவர் கோயில் பாணியில், முழுக்கக் கல்லால் எழுந்தது. அது இப்போது நிற்கிற இடம் அதன் சொந்த இடமல்ல. முன்பு கீழே வயல்வெளியில் நின்றது. மகாவலித் திட்டத்தில் போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது தண்ணீரில் மூழ்கிவிடும் என்று 1975இல் கல் கல்லாகக் கழற்றி, மேட்டுக்குக் கொண்டுவந்து, 1980 அளவில் பழையபடி அடுக்கி முடித்தார்கள்.

அந்த வேலையைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஆனால் அங்கே போய் நிற்கும்போதெல்லாம் ஒன்றைத்தான் நினைப்பேன். முதல் கல்லைத் தூக்கினவனுக்கு, அது திரும்ப எங்கே போய் உட்கார வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் தூக்கியிருந்தால் இன்றைக்கு அந்த மேட்டில் ஒரு கற்குவியல்தான் கிடக்கும்.

என் கடை மூலையிலும் அப்படிக் குவியல்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. யாரோ ஒரு பிள்ளை போனில் படம் பார்த்துக் கழற்றி, பூட்டத் தெரியாமல் உர பேக்கில் கட்டி அனுப்பியவை. ஆகவே கேள். வயரைப் பிடுங்குமுன் இரண்டு பக்கமும் ஒரே எண்ணைத் துண்டு டேப்பில் எழுதி ஒட்டு. போனில் படம் எடு, தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்திலிருந்து ஒன்று. ஸ்குருக்களை ஒரே டப்பாவில் கொட்டாதே. மட்டையில் மெசினின் படத்தை வரைந்து, எந்த ஓட்டையின் ஸ்குருவோ அந்த இடத்திலேயே குத்தி வை. நீளமான ஸ்குருவைக் கட்டையான இடத்தில் திருகினால் அது பிளாஸ்டிக் தொட்டியைத் துளைத்து, நீ கொண்டுவராத கோளாறு ஒன்றைப் புதிதாகப் பண்ணும். முடித்த பிறகு கையில் ஸ்குரு மிஞ்சினால் சிரிக்காதே, திரும்பத் திற.

14. இடி மாதங்களில் பிளக் வெளியே

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் இடி கட்டும். சொருகிய பிளக்கோடு மெசினை விடாதீர்கள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் சொல். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில் கரண்ட் போன நேரத்தைவிடத் திரும்ப வந்த நேரத்தில்தான் போர்டுகள் போயின. கரண்ட் வந்து ஐந்து நிமிஷம் பொறுத்துப் போடச் சொல்.

15. விலையை வாய்விட்டுச் சொல், பழைய சாமானைக் கையில் கொடு

திறக்குமுன் 'பார்க்கிறதுக்கு இவ்வளவு' என்று சொல். கோளாறு தெரிந்ததும் சாமான் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று பிரித்துச் சொல். சம்மதம் கேட்ட பிறகு பூட்டு. கழற்றின பழைய சாமானை வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்துவிடு. அவருக்கு அதனால் பிரயோசனம் இல்லை, ஆனால் உன் பேச்சுக்கு அது சாட்சி.

செய்யக் கூடாத வேலையும் உண்டு. கியர்பெட்டி அச்சுத் தேய்ந்து, அடித்தகரமும் துருப்பிடித்து உதிர்ந்தால், 'இதற்கு மேலே காசு போடாதீங்க' என்று சொல்ல உனக்கு வாய் வர வேண்டும். செலவு, பாவித்த நல்ல மெசின் ஒன்றின் பாதி விலையைத் தாண்டினாலும் அப்படித்தான். அந்த மெசினையே நியாய விலைக்கு எடுத்துக்கொள். அதன் டைமரும் மூடிச் சுவிட்சும் இன்னும் நாலு வீட்டு மெசினை ஓட வைக்கும்.

16. ஈர உடுப்போடு ஓட்டிப் பார்த்துவிட்டு எழும்பு

வெறும் தொட்டி எல்லா மெசினிலும் சுற்றும். வீட்டில் கிடக்கிற அழுக்குச் சாரத்தையும் துவாயையும் போடச் சொல். தண்ணீர் எடுப்பதிலிருந்து பிழிவது வரை ஒரு முழு ஓட்டம் ஓட விடு. சவர்க்காரத்தூளை அந்த அம்மாவையே போடச் சொல்லிப் பார்த்துக்கொண்டிரு. சுண்ணாம்புத் தண்ணீரில் நுரை வரவில்லை என்று கைப்பிடி கைப்பிடியாய்ப் போடுவார். அந்தத் தூள்தான் ஆறாம் மாதம் ஏழாம் இலக்கக் கோளாறாக உன்னிடம் திரும்பி வரும். அளவை அங்கேயே காட்டிக் கொடு.

அந்த நேரத்தில் பிளேன்டி வரும், குடி. குடித்துக்கொண்டே காதை மெசினில் வைத்திரு. கடைசிச் சுற்று வேகம் பிடித்து, தணிந்து, பிரேக் பிடித்து நின்றதும், அந்த அம்மா மூடியைத் திறந்து துவாயை எடுத்துக் கையால் பிழிந்து பார்ப்பார். தண்ணீர் சொட்டாவிட்டால் உன்னைத் திரும்பிப் பார்த்து ஒன்றும் சொல்ல மாட்டார், நேரே கொடிக்கயிற்றுக்குப் போய்விடுவார். பிளக்கைப் பிடுங்கு, சாமான்களை எண்ணிப் பைக்குள் போடு, கடைக்கு வந்து சேர்.